மோருக்குப் பிறகு மூன்று பத்திகள்

கண்ணுக்கு இரண்டாவது தடவை மருந்து விட்டு, இனி அரைமணி நேரம் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்த கொஞ்ச நேரத்தில், உலகம்மையின் மடியிலிருந்த பைக்குள் அந்தச் சத்தம் கேட்டது. கிணற்றில் ஒரு சொட்டு விழுகிற மாதிரி. அவள் ஃபோனில் அந்தச் சத்தம் வேறு யாருக்கும் கிடையாது. அண்ணனுக்குக் கிடையாது, வக்கீல் ஆபீசுக்குக் கிடையாது, சுகிர்தாவுக்கு மட்டும்தான். பதினெட்டு நாளாகக் கேட்காத சத்தம் இப்போது, திருநெல்வேலியில், இருநூறு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற ஆஸ்பத்திரிக் கூடத்தில் கேட்கிறது. திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் திறந்துவிட்டாள். மருந்து கன்னத்தில் வழிந்து வாயோரம் கசந்தது. ஜன்னல் வெளிச்சம் முழுக்க ஒரே நேரத்தில் கண்ணுக்குள் கொட்டியது. பையைத் துழாவி ஃபோனை எடுத்து, விரலுக்குப் பழகின இடத்தில் தொட்டுத் திறந்தாள். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டிதான் இருந்தது. கையை நீட்டிப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுவந்து பார்த்தாள், கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தாள். சாம்பல் கட்டி பெரிதாயிற்று, சிறிதாயிற்று, எழுத்தாகவில்லை. எட்டு வரி இருக்கும். இருபத்தேழு வருஷம் டைப் அடித்தவளுக்கு வரிக்கணக்கு கண்ணில்லாமலே தெரியும். ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொள்ளவில்லை, எட்டு வரி எழுதியிருக்கிறாள். எட்டு வரி எழுதுகிறவள் கோபத்தில் எழுதுவாளா, இல்லை, கோபத்தில்தான் எட்டு வரி எழுத வருமா. "கண்ணத் தொறக்காதன்னு சொன்னாங்கல்லா" என்று பக்கத்திலிருந்து அண்ணன் மனைவி ஆவுடை மதினியின் குரல் வந்தது. உலகம்மை கண்ணை மூடிக்கொண்டாள். மூடின பிறகுதான் இன்னொன்று உறைத்தது. திறந்ததும் அங்கே அவளுக்கு, படித்தாயிற்று என்ற நீலக் குறி காட்டியிருக்கும். அக்கா படிச்சிட்டாங்க என்று சுகிர்தா நாமக்கல்லில் அவள் அடுப்படியில் நின்றுகொண்டு நினைத்துக்கொண்டிருப்பாள். படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள் என்றும் நினைப்பாள். படிக்கவில்லையம்மா, பார்க்க மட்டும்தான் செய்தேன், பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் இனி எவள் நம்புவாள். அந்தச் சாக்கைத்தான் ஏற்கெனவே சொல்லித் தீர்த்தாயிற்றே.

தெரியாததற்கெல்லாம் பொத்தானை அமுக்குகிற புத்தி. காலையில் அந்த இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். நடுவிலிருக்கிற மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரத்தில் எங்காவது வெளிச்சப் பொட்டு தோன்றினால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு போய்விட்டது என்று அது கணக்கெடுக்குமாம். முதலில் ஒழுங்காகத்தான் செய்தாள். அப்புறம் ரொம்ப நேரம் எதுவுமே தோன்றவில்லை. பயந்துபோய் அமுக்க ஆரம்பித்தாள். இப்போது ஒன்று வந்திருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை என்று ஒரு அமுக்கு, இப்போது இன்னொன்று என்று ஒரு அமுக்கு. சோதனை எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள், தெரிஞ்சா மட்டும் அமுக்குங்கம்மா, இது பரீட்சை இல்ல. பரீட்சை இல்லையாம். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் இடது கண்ணின் ஓரத்தில் ஆரம்பித்து அறுபத்திரண்டில் இரண்டும் முழுசாக அடைத்துவிட்டது. கண்ணில் அழுத்தம் என்று அப்போது யாருக்குத் தெரியும். மூக்குக்கு நேரே இருப்பது கடைசிவரை தெரியும், அதனால் ஒன்றும் ஆகவில்லை என்றே மனுஷன் நினைத்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் நின்ற பெண்டாட்டி மேல் முட்டிக்கொள்வார், முட்டிக்கொண்டு அவளையே ஏசுவார். ஐம்பத்தொரு வயதில் தனக்கும் அதேதான் என்று தென்காசி டாக்டர் சொன்ன புதன்கிழமை உலகம்மை ஆபீசுக்குப் போய் மூன்று மனு அடித்தாள். மூன்றுமே விவாகரத்து மனு. மனுதாரர், எதிர்மனுதாரர், தாம்பத்திய உறவுக்கு மறுத்து, மேற்படி தேதியிலிருந்து பிரிந்து வாழ்ந்து. கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் அந்த ஆபீசில், கல்யாணமாகாத அவள் விரல்கள் வழியாக எத்தனை கல்யாணங்கள் பிய்ந்துபோயின என்று கணக்கு வைக்கவில்லை. தாம்பத்திய உறவு என்கிற இரண்டு வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பாள். அந்த இரண்டு வார்த்தைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அது இல்லை என்று யாராவது வழக்குப் போடும்போது தெரிந்ததுதான்.

சாத்தனுக்குத் தெரியும். சாத்தன் உப்பு வியாபாரி, முப்பத்தாறு வயது, வலது புருவத்தில் தழும்பு, பேச்சு குறைவு, சொன்னால் சொன்னது. முத்துக்கரை என்கிற இல்லாத துறைமுகத்தில் நெய்தல் தெருவில் அவன் வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புத்தகம் படிக்கிறவர்களின் ஃபோன் குழு ஒன்றில், எழுத்தாட்டம் ஆட ஆள் தேவை, வயது பதினெட்டுக்கு மேல் என்று ஒரு அறிவிப்பு பார்த்தாள். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, அவரவர் பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் அவரவர் எழுத வேண்டும். ஒருவர் எழுதி நிறுத்தின இடத்திலிருந்து அடுத்தவர். அவ்வளவுதான் ஆட்டம். நடத்துகிற பையன் கோயம்புத்தூர்க்காரன், பிரேம்நாத் என்று பெயர், எல்லோரும் அவனை நடத்துநர் என்றுதான் கூப்பிடுவார்கள், விசில் ஊதினால்தான் வண்டி நகரும் என்று கேலி வேறு. உலகம்மை ஏன் சாத்தன் என்று ஆண் பாத்திரம் எடுத்தாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஆம்பளைன்னா வெளிய போகலாம் வரலாம்லா தம்பி என்று சொல்லியிருப்பாள். அது பாதி நிஜம். மீதி பாதி, வெண்ணி வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வெண்ணி கலங்கரை விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவள், புருஷனைக் கடல் கொண்டுபோனவள், எதற்கும் பயப்படாதவள். அவளை எழுதினவள் சுகிர்தா. முதல் மழைக்கு சாத்தனின் உப்புமூட்டைகள் நனையாமலிருக்க வெண்ணி தன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து மேலே போட்டாள். அந்த வரியைப் படித்துவிட்டு உலகம்மை ஆபீசில் சாப்பாட்டுப் பொதியைத் திறக்காமலே ஒருமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கதவையே கழற்றிக்கொண்டு வருகிற மனுஷியை யார் இதுவரை அவளிடம் அனுப்பினார்கள். அன்றைக்கு இரண்டு மணிக்கு சாத்தன் எழுதினான், கதவில்லாத வீட்டில் நீ எப்படித் தூங்குவாய், நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படியே ஆரம்பித்தது.

இரண்டு பாத்திரங்களுக்கு நடுவில் காதல் என்று வந்தால், எழுதுகிற இரண்டு பேரும் முதலில் ஃபோனிலேயே ஒரு தனியறையில் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது குழுவின் சட்டம். எதுவரை போகலாம், எது கூடாது, நடுவில் பிடிக்கவில்லையென்றால் எப்படி நிறுத்துவது, எல்லாம் முன்கூட்டியே பேச வேண்டும். உலகம்மைக்கு அது கூச்சமாக இருந்தது, பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்கிற மாதிரி. சுகிர்தாவுக்குக் கூச்சமே இல்லை. முப்பத்தெட்டு வயது, நாமக்கல்லில் பள்ளிக்கூட டீச்சர், புருஷன், மாமியார், பத்து வயதில் ஒரு மகள். கொஞ்சுறது சரி, அணைக்கிறது சரி அக்கா என்று எழுதினாள். கதவைச் சாத்தினதும் அடுத்த வரி விடிந்தது என்றுதான் வரணும், நடுவுல எழுத வேண்டாம். குழந்தை சாகிற மாதிரி எதுவும் வேண்டாம், எனக்கு ஏழாம் மாசத்தில் ஒண்ணு போச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டிக்கொண்டே இருந்து, கடைசியில் வந்த வரிகள் உலகம்மைக்கு இப்போதும் மனப்பாடம். வீட்ல எல்லாருக்கும் நான் வேணும்கா. இங்க வெண்ணி மட்டும் போதும், நான் வேண்டாம். என்னை இங்க கூப்பிடாதீங்க. சரி என்று உலகம்மை எழுதினாள். அந்தச் சரியை அடிக்க இரண்டு எழுத்துதான் ஆயிற்று. நிறுத்துவதற்கு ஒரு வார்த்தை வேண்டும், கதையில் எந்தக் காலத்திலும் வராத வார்த்தையாக இருக்க வேண்டும் என்று நடத்துநர் எல்லோருக்கும் சேர்த்து ஒன்று வைத்திருந்தான். மோர். காதல் பேசுகிற இடத்தில் எவன் மோர் கேட்பான் என்று எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றரை வருஷத்தில் சுகிர்தா இரண்டே தடவைதான் அதை எழுதினாள். இரண்டு தடவையும் சாத்தன் அப்படியே நின்றுவிட்டான், உலகம்மை ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கோர்ட்டில் வந்து நிற்கிற புருஷன்மார் மாதிரி இல்லை சாத்தன். நான் எழுதுகிற ஆம்பளை நின்றுகொள்ளத் தெரிந்தவன்.

"உலகு, தொண்ட வறளுதா? கீழ கேண்டீன்ல மோர் விக்காங்க, வாங்கிட்டு வரட்டா" என்று மதினி கேட்டதும் உலகம்மையின் முதுகு தானாக நிமிர்ந்தது. மூடின கண்ணுக்குள் அந்த வார்த்தை எழுத்தாகவே வந்து நின்றது, வெள்ளைத் திரையில் கருப்பாக, பக்கத்தில் மூன்று ஐம்பது என்று மணி. வேண்டாம் மதினி என்றாள். கொஞ்சம் உப்புப் போட்டுக் குடிச்சா நல்லதுதான, வெயிலுக்கு, என்று மதினி மறுபடியும் சொன்னாள். வேண்டாம், காப்பி இருந்தா வாங்குங்க. மதினியின் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. மதினிக்கு மோர் என்றால் மோர்தான். ஊரில் இருக்கிற எல்லோருக்கும் மோர் என்றால் மோர்தான், தனக்கு மட்டும் இனி அப்படி ஒரு பானமே கிடையாது. மூன்றாம் தடவை அது வந்தது பதினெட்டு நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை டாக்டர் சொன்னதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடம் சொன்னால் அப்பா கதையை ஆரம்பிப்பான். மாடியறையில் ஃபேன் சூடான காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது, கீழே எல்லோரும் மத்தியானத் தூக்கம். நாலு மாசம் உப்புவண்டியோடு போன சாத்தன் அன்றைக்குத் திரும்பி வருகிறான், வெண்ணி கதவைத் திறக்கிறாள், சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், கதவு சாத்தப்படுகிறது, விடிந்தது. முந்தின நாள் இரண்டு பேரும் பேசி வைத்தது அவ்வளவுதான். சாத்தன் வந்தான். வெண்ணி கதவைத் திறந்தாள். பேசி வைத்ததில் இல்லாத ஒன்றை உலகம்மை எழுதினாள். எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது வெண்ணி. எழுதினதும் நெஞ்சில் என்னவோ அவிழ்ந்தது. ஐந்து நாளாக யாரிடமும் சொல்லாததை சாத்தன் சொல்லிவிட்டான், அதைக் கேட்க ஒருத்தி இருக்கிறாள். வெண்ணி அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள், இது எப்போதிருந்து என்று கேட்டாள். அந்தக் கேள்வி சாத்தனைக் கேட்டதா, தன்னைக் கேட்டதா. அதோடு நிறுத்தியிருந்தால். கதவு சாத்தப்பட்டது என்று சுகிர்தா எழுதினாள். விடிந்தது என்று எழுத வேண்டியது உலகம்மையின் முறை.

விடிந்தது. ஐந்தெழுத்து, அதை அடிக்கவில்லை. கதவுக்கும் விடியலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று ஒன்றரை வருஷமாக அவள் அந்த இரண்டு வரிகளுக்கு இடையிலிருந்த வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் போய்விட்டால் அந்த வெள்ளைகூட இருக்காது. நாளைக்கு விரலால்தான் பார்க்க வேண்டும் என்றால் இன்றைக்கே விரலால் பார்த்துக்கொள்கிறேன் என்று சாத்தன் சொன்னான், விளக்கை அணைத்தான், வெண்ணியின் நெற்றியிலிருந்து ஆரம்பித்தான். உடனே கீழே வந்தது, மோர். ஒரே வார்த்தை. மூன்று ஐம்பது. உலகம்மை பார்த்தாள். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, எத்தனை தடவை சுற்றி வந்தாலும் மனசு இந்த இடத்தில்தான் வந்து இடிக்கிறது. பார்த்தாள். அது மூக்குக்கு நேரே இருந்தது. பார்த்துவிட்டு, இப்போது நிறுத்தினால் இனி ஒருபோதும் இல்லை என்று நினைத்தாள், அல்லது நினைக்கவே இல்லை, விரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மூன்று பத்தி. முதல் பத்தியில் தோள், இரண்டாம் பத்தியில் அதற்குக் கீழே, அதை இப்போது மனசுக்குள் சொல்லிப் பார்க்கக்கூட முகம் சுடுகிறது, கூடத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள். அசிங்கமாக எதுவும் எழுதவில்லை என்று முதல் வாரம் தனக்குத்தானே வாதாடினாள். வாதம் தெரியாதா, இருபத்தேழு வருஷம் கேட்டது. அழகாகத்தான் எழுதினேன். அழகாக எழுதினால் மட்டும்? வேண்டாம் என்று சொன்ன பிறகு அழகு என்ன, அசிங்கம் என்ன. எத்தனை மனுவில் அடித்திருக்கிறாள், மனுதாரர் மறுப்புத் தெரிவித்த பிறகும் என்று. அடித்துவிட்டு, பாவி என்று அந்த ஆளைத் திட்டியிருக்கிறாள். மூன்றாம் பத்தியின் கடைசி வரியில் சாத்தன் அவள் காதருகே குனிந்து, சுகிர்தா என்று கூப்பிட்டான். அடித்து அனுப்பிவிட்டுத்தான் அதைப் படித்தாள். பெயர் மாற்றி அடித்தால் கட்சிக்காரனே மாறிப்போவான் என்று வக்கீல் ஐயா முதல் நாளே சொல்லிக்கொடுத்த ஆபீசில், ஒரு மனுவில்கூடப் பெயரை மாற்றி அடிக்காத விரல் அது. தவறிப்போய் அடித்ததா, இத்தனை நாள் அடிக்கக் காத்திருந்து அடித்ததா என்று உலகம்மைக்கு இன்றுவரை தெரியவில்லை. சாத்தன் வெண்ணியை நேசித்தான், அது தெரியும். மற்றதற்கு என்ன பெயர் என்று அவள் தேடவில்லை. அன்றைக்கு சுகிர்தா அறையை விட்டு வெளியே போனதை மட்டும் திரை ஒரு வரியில் சொன்னது.

காப்பி வந்தது. மதினி தம்ளரை அவள் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, சூடு, மெல்ல, என்றாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்த காப்பியில் சீனி அதிகமாக இருந்தது. பார்த்துவிட்டு எழுதினதைவிடப் பெரிய தப்பு அப்புறம் செய்தது. அன்று சாயங்காலம் நடத்துநர் கேட்டபோது, நான் அந்த வார்த்தையைப் பார்க்கவில்லை தம்பி, எனக்குக் கண்ணில் வியாதி, ஓரத்தில் இருப்பது தெரிவதில்லை என்று எழுதினாள். அந்தப் பையன் பதறிப்போனான். ஐயோ அம்மா, நீங்க முதல்ல உடம்பைப் பாருங்க, நான் அவங்ககிட்டச் சொல்றேன் என்றான். சொல்லியும் இருப்பான். அந்த வியாதியை அவள் வீட்டுக்குச் சொல்வதற்கு முன்னால் சாக்காகச் சொல்லிவிட்டாள். அப்பா பார்வையையும் சேர்த்து எடுத்து விற்ற மாதிரி இருந்தது. பதினேழு நாள் பொறுத்தாள். இன்றைக்கு விடியற்காலம் தென்காசி பஸ்ஸ்டாண்டில் மதினி டீ வாங்கப் போன நேரத்தில் எழுதினாள். பார்த்தேன் சுகிர்தா. பார்த்துட்டுத்தான் எழுதினேன். கண்ணுக்கு வியாதி இருக்கிறது நிஜம், ஆனா அந்த வார்த்தை எனக்குத் தெரிஞ்சுது. எழுதின பிறகு பஸ் ஆலங்குளம் தாண்டுகிறவரை ஃபோனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்குத்தான் இப்போது எட்டு வரி. போலீசுக்குப் போகிறேன் என்று எழுதியிருப்பாளோ. புருஷனிடம் காட்டிவிட்டேன் என்று. அண்ணன் நம்பர் எப்படியாவது கிடைத்து, உங்க தங்கச்சி இப்படி என்று. ஐம்பத்தொரு வயதில், கோர்ட்டுக்கு எதிரே எல்லோருக்கும் தெரிந்த முகத்தோடு. இல்லை, அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. அவள் எப்படிச் செய்கிறவள் என்று உனக்கு என்ன தெரியும், வெண்ணியைத்தானே தெரியும். ஒருவேளை, சரி அக்கா, விடுங்க, என்று இருந்தால். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருந்தால். அந்த ஆசை வந்ததும் உலகம்மைக்குத் தன்மேலேயே குமட்டியது, ஆனாலும் ஆசை போகவில்லை, எட்டு வரியில் ஒரு வரியாவது அப்படி இருக்கலாம் என்று உட்கார்ந்திருந்தது.

மதினிக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். நியூஸ் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவள். ஃபோனை நீட்டி, இது என்ன போட்டிருக்குன்னு பாருங்க மதினி என்றால் மணிமணியாகப் படிப்பாள், ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்த அதே குரலில். யாரு சுகிர்தா என்று கேட்பாள். கூட வேலை பாக்கிறவ என்று சொல்லிவிடலாம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பெண் இருக்கிறாள், குரலை வைத்துப் பார்த்தால் காலேஜ் படிக்கிறவள், அவளுக்கு நம்மை யாரென்று தெரியாது, படித்துவிட்டு அவள் ஊருக்கு அவள் போய்விடுவாள். ஃபோனே வாய்விட்டுப் படிக்குமாம், அதற்கு ஒரு வழி இருக்கிறது என்று அண்ணன் மகன் ஒருநாள் காட்டினான், ஆனால் இந்தக் கூடத்தில், இத்தனை காதுக்கு நடுவில். இன்னும் நாலு மணி நேரம் எழுத்து தெரியாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். நாலு மணி நேரம் எப்படி உட்கார்ந்திருப்பது. கை பைக்குள் போய் ஃபோனைத் தொட்டது. மதினி, என்று கூப்பிடவும் செய்துவிட்டாள். என்ன உலகு என்றாள் மதினி. அந்த ஒரு நொடியில் உலகம்மைக்கு, மதினியின் வாயிலிருந்து சுகிர்தாவின் வார்த்தைகள் வருவது எப்படி இருக்கும் என்று காதுக்குள் கேட்டது. ஏழாம் மாசம் என்று அதில் இருந்தால். வீடு என்று இருந்தால். தன் ஒருத்திக்கு மட்டும் என்று அவள் எழுதினதை இந்த நாற்காலி வரிசை முழுக்க விரித்துப் போடுவதா. மூன்று பத்தி போதாதென்று நாலாவது ஒன்றா. "ஒண்ணுமில்ல" என்றாள். "டாக்டர் எப்ப கூப்பிடுவாங்கன்னு கேக்க வந்தேன்." கூப்பிடுவாங்க, நமக்கு முன்னால இன்னும் பன்னிரண்டு பேரு என்று மதினி சொன்னாள். உலகம்மை பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டு தொடாமலிருப்பது எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் ஒவ்வொரு நிமிஷமாகத்தான் போயிற்று. பதினெட்டு நாளைக்கு முன்னால் இதில் ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் இருக்கத் தெரிந்திருந்தால்.

டாக்டர் அம்மா வயதில் சின்னவள். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து மேலே பாருங்க, கீழே பாருங்க என்று ரொம்ப நேரம் பார்த்தாள். இடது கண்ணில் ஓரம் கொஞ்சம் போயிருக்கிறது, வலது பரவாயில்லை, தினமும் ராத்திரி ஒரு சொட்டு, வாழ்நாள் முழுக்க, ஒருநாள்கூட விடக் கூடாது என்று சொன்னாள். ஃபீல்டு டெஸ்ட் மட்டும் அடுத்த மாசம் மறுபடி எடுக்க வேண்டும், தெரியாத இடத்திலும் அமுக்கியிருக்கிறீர்கள், அந்தக் கணக்கை நம்ப முடியாது என்றாள். போனது வருமா என்று மதினிதான் கேட்டாள். "போனது வராதும்மா. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம்." உலகம்மை தலையை ஆட்டினாள். அப்பாவுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள், உடனே அந்த நினைப்பும் நழுவி, எட்டு வரி, எட்டு வரி என்று பழைய இடத்துக்கே போய்விட்டது. கண்ணே போகும் என்று பயந்து வந்தவளுக்குக் கண் போகாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதற்குச் சந்தோஷப்படக்கூட நேரமில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் மதினி உட்கார்ந்து அவளுக்காக வெயில் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டாள். பேட்டை தாண்டும்போது எதிர்சீட்டின் முதுகில் ஏதோ கிறுக்கியிருப்பது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டில் பெரிய எழுத்து பிரிந்தது. ஆலங்குளத்தில் பஸ் நின்று ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது உலகம்மை ஜிப்பைத் திறந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். எழுத்துகளின் ஓரம் இன்னும் பிசிறியது, ஆனால் எழுத்துதான்.

அக்கா, பார்த்துட்டுத்தான் எழுதினேன்னு சொன்னதுக்கு நன்றி. பார்க்கலைன்னு நடத்துநர் சொன்னப்ப நான் அப்படியே நம்பிட்டேன். கண்ணு தெரியாத மனுசியை விட்டுட்டு ஓடி வந்துட்டோமேன்னு பதினெட்டு நாளா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். அந்த மூணு பத்தியும் நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, அதுதான் தாங்க முடியலை. வெண்ணி தெக்கே போற கப்பல்ல ஏறிட்டான்னு குழுவுல எழுதிட்டேன். சாத்தன் தேட வேண்டாம். கண்ணைப் பார்த்துக்குங்க. இதுக்குப் பதில் எழுதாதீங்க.

இரண்டாம் தடவை படித்தாள். மூன்றாம் தடவை, பதினெட்டு நாளா என்னையே, என்கிற இடத்தில் நின்றுவிட்டாள். திட்டுவாள், மிரட்டுவாள், மன்னிப்பாள் என்று காலையிலிருந்து எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்தவள், அங்கே ஒருத்தி தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு சமைத்துக்கொண்டும் பாடம் நடத்திக்கொண்டும் இருந்திருப்பாள் என்று ஒருதடவைகூட நினைக்கவில்லை. அடியிலிருந்த பெட்டியில் விரல் பட்டு விசைப்பலகை மேலே எழும்பி வந்தது. எழுத எவ்வளவோ இருந்தது. உன் தப்பு ஒன்றுமில்லை என்பது ஒன்று. கண் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்பது ஒன்று. அந்தக் கப்பல் எந்தத் துறைக்குப் போகிறது என்று கேட்க வேண்டும் போலிருந்தது, கேட்டுவிட்டுத் தேடாமல் இருந்துகொள்ளலாம். உன் தப்பு இல்லை என்று ஒரே ஒரு வரி, அவளுக்கு நல்லதுதானே, அதை எழுதினால் என்ன. அந்த ஒரு வரிக்காகக் கட்டைவிரல் ரொம்ப நேரம் எழுத்துகளுக்கு மேலே நின்றது. பஸ் கிளம்பின குலுக்கலில் விரல் விலகியது. அவள் ஃபோனை அணைத்து, அணைந்த திரையை முந்தானையால் துடைத்து, பைக்குள் வைத்தாள். அழுகை வந்தது. மருந்துக் கண்ணென்று பஸ்ஸில் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். மதினி மட்டும் பார்த்தாள்.

"எரியுதா?"

"இல்ல மதினி."

"டாக்டரு நல்லபடியாத்தான சொன்னாங்க. அப்புறம் எதுக்கு?"

உலகம்மை எதிர்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாத்தனாக இருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லுவான் என்று பழக்கத்தில் மனசு தேடியது. அவனிடம் ஒன்றுமில்லை. "ஒரு பொம்பளட்ட நான் தப்பா நடந்துக்கிட்டேன்" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக, கொஞ்சம் கட்டையாகக் கேட்டது. "அவ வேண்டாம்னு சொன்னா. எனக்குக் கேட்டுச்சு. நான் நிறுத்தல."

ஆவுடை மதினி உலகம்மையின் முகத்தை, பிறகு மடியிலிருந்த பையை, பிறகு மறுபடி முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவளை முதல் தடவை பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையில் ஒரு பின்வாங்கல் இருந்தது, உலகம்மை அதைக் கண்டாள், கண்டும் முகத்தைத் திருப்பவில்லை.

"யாருட்ட?"

"பேரு கேக்காதீங்க."

மதினி மடியிலிருந்த தன் பையை எடுத்துக் காலடியில் வைத்தாள். சேலையைச் சரிசெய்து ஜன்னலில் முதுகைச் சாய்த்து உலகம்மையின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். "சரி, கேக்கல" என்றாள். "நடந்தத சொல்லு."

தென்காசி வருவதற்குள் சொல்லி முடிக்க முடியாது. எங்கிருந்து ஆரம்பித்தாலும் மதினிக்குப் பாதி புரியாது, புரிந்த பாதிக்கு என்ன நினைப்பாளோ தெரியாது. உலகம்மை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எழுத்தாட்டம் என்று ஒன்று இருக்கு மதினி, என்று சொல்ல ஆரம்பித்தாள்.